பி.எட். பயிற்சிக்குப் போகிறேன், எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவது எப்படி?

கும்பகோணம் பக்கம் பி.எட். முதலாண்டு முடித்துவிட்டு, அடுத்து 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குப் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கொடுத்திருப்பது ஏழாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். அதில் ஒரு பெண் காதுக்கருவி போட்டிருக்கிறாள், ஐந்தாறு பேருக்குத் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது, ஒரு பையன் பாதி நாள் வருவதில்லை. இத்தனை பேருக்கும் ஏற்றபடி நடத்தும் திறமைக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம், இல்லை சிறப்புக் கல்வியில் தனியாகப் பட்டம் வாங்கினால்தான் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் கேள்வி புத்தகம் பற்றியது அல்ல. ஒரு ஆள், ஒரு பாடவேளை, நாற்பது பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு பாடம் தயாரிக்க வேண்டுமா, அது மனுஷரால் நடக்கிற காரியமா என்ற பயம்தான் அதற்குள் இருக்கிறது. பயிற்சிக்குப் போவதற்கு முன்பே இது உங்களுக்குத் தோன்றியிருப்பதே நல்ல விஷயம். நிறையப் பேருக்கு வேலைக்குச் சேர்ந்து வருஷக்கணக்கான பிறகுதான் தோன்றுகிறது.

நான் டெல்டாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, அப்புறம் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவன். தமிழ் வாசிப்பும் தொடக்கநிலைக் கணக்கும்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. பிரெய்ல் கற்பிப்பது, சைகை மொழி, பேச்சுப் பயிற்சி எல்லாம் என் வேலை அல்ல, அவற்றுக்கு முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆளுக்கொரு பாடம் தேவையில்லை. இதை உறுதியாகவே சொல்கிறேன். பாடம் ஒன்றுதான், ஆனால் அதற்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்க வேண்டும், பிள்ளை தனக்குத் தெரிந்ததைக் காட்டவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்க வேண்டும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, எல்லோரும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட முக்கியமானது அதே சட்டம் உள்ளடக்கிய கல்விக்குக் கொடுக்கும் விளக்கம். குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாதவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும், அதற்கு ஏற்றபடி கற்பிக்கும் முறை மாற்றப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. பிள்ளையை மாற்றச் சொல்லவில்லை, நம் வேலையை மாற்றச் சொல்கிறது. மாற்ற வேண்டுமென்றால் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் நீங்கள் கற்க வேண்டிய முதல் திறமை கவனிப்பது. குரல், கரும்பலகைக் கையெழுத்து, துணைக்கருவி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லையா என்றால், தாளில் இருக்கிறது. 2015இலிருந்து பி.எட். இரண்டு வருஷப் படிப்பானபோது உள்ளடக்கிய பள்ளி பற்றித் தனித் தாளே வந்தது. ஆனால் தனித் தாளாக இருப்பதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. அதில் குறைபாடுகளின் வகை, காரணம், சட்டம், வருஷம் எல்லாம் படித்து எழுதிவிடுகிறார்கள், பக்கத்துத் தாளான தமிழ் கற்பித்தலிலோ கணிதம் கற்பித்தலிலோ பாடத்திட்டம் எழுதும்போது அந்தப் பிள்ளைகள் காணாமல் போய்விடுகிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்விலும் 150 கேள்வியில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் சேர்த்து 30 கேள்வி, அதுவும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வகுப்பில் நின்று நடத்திக் காட்டச் சொல்வதில்லை. ஆகவே படிப்பிலும் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர் இந்தத் திறமை கொஞ்சமும் இல்லாமல் வகுப்புக்குள் வர முடியும். அது அவருடைய குற்றம் இல்லை.

உங்கள் கல்லூரியிலேயே இதைப் பழகிக்கொள்ள ஒரு நல்ல இடம் நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது கூடப் படிப்பவர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்துச் சில நிமிஷம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங். அந்தச் சுழற்சி தெரிந்திருக்கும்: 6 நிமிஷம் நடத்துவது, 6 நிமிஷம் பின்னூட்டம், 12 நிமிஷம் திருத்தித் திட்டமிடுவது, 6 நிமிஷம் மறுபடி நடத்துவது, 6 நிமிஷம் மறுபடி பின்னூட்டம், ஆக 36 நிமிஷம். நல்ல ஏற்பாடு. குறை என்னவென்றால் எதிரே உட்காருவது உங்கள் தோழிகள், அவர்கள் நல்ல பிள்ளைகளாக நடித்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொல்லி உங்களைக் காப்பாற்றிவிடுவார்கள். அதை மாற்றுங்கள். ஒருத்தி கரும்பலகை தெரியாத பிள்ளை, ஒருத்தி நேற்று வராத பிள்ளை, ஒருத்திக்கு விடை தெரியும் ஆனால் வாய் திறக்கப் பயம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள், யார் எது என்று நடத்துபவருக்குத் தெரியக் கூடாது. இன்னொருத்தி பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் இருக்கை வரைபடம் போட்டு, கேள்வி யாரிடம் போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடட்டும். பாடம் முடிந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள். முன்வரிசையும் நடுவரிசையும் கோடுகளால் நிறைந்திருக்கும், ஓரங்களும் கடைசியும் வெறுமையாக இருக்கும். நன்றாக நடத்தினீர்கள் என்று நான்கு பேர் சொல்வதைவிட அந்த ஒரு தாள் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். பள்ளிக்குப் போன பிறகும் கூடப் பயிற்சிக்கு வந்தவரிடம் இதைப் போட்டுத் தரச் சொல்லலாம், செலவு ஒரு பக்கத் தாள்.

அடுத்தது, “புரிஞ்சுதா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நம் ஊர் வகுப்பில் அதற்கு ஒரே பதில்தான், நாற்பது பேரும் சேர்ந்து இழுத்துச் சொல்லும் “புரிஞ்சுது டீச்ச...ர்”. அந்தக் கூட்டுக்குரலில் பத்துப் பேருக்குப் புரிந்திருக்கும், மீதிப் பேர் வாய் அசைத்திருப்பார்கள், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. அதற்குப் பதில் ஒரு சின்னக் கேள்வி கேட்டு எல்லோரையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சிலேட்டு இருந்தால் சிலேட்டு, இல்லாவிட்டால் ரஃப் நோட்டின் பின்பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் எல்லோரும் தூக்கிக் காட்ட வேண்டும். அரை நிமிஷத்தில் நாற்பது பேரின் மூளைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிடலாம். பேசத் தயங்கும் பிள்ளைக்கும், திக்கிப் பேசும் பிள்ளைக்கும், காது கேட்காத பிள்ளைக்கும் இது தனியாக எதுவும் செய்யாமலே ஒரு வாசல் ஆகிவிடுகிறது. எழுத வராத பிள்ளைக்கு அ, ஆ, இ என்று மூன்று விடைகளைக் கொடுத்து விரல் காட்டச் சொல்லலாம்.

இதோடு சேர்ந்தது காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே சொல்லாமல் இருந்த பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். வேறு இடங்களிலும் இது திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்ட விஷயம், நம்பலாம். மூன்று வினாடி கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், வகுப்பில் நின்றால் யுகமாகத் தெரியும். கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணுங்கள், அதற்கு அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கு விடுமுறை.

இப்போது அந்த எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஐந்தாறு பேருக்கு வருகிறேன், எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது. ஏழாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்க வராத பிள்ளைகளை ‘ஸ்லோ லேர்னர்’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். நோட்டைத் திறந்து பார்த்தால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் நிற்பது தெரியும். ஒரு பிள்ளை ‘கப்பல்’ என்பதை ‘கபபல’ என்று புள்ளி இல்லாமல் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நோட்டை அதனிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கி நின்று, “புள்ளி விட்டுட்டேன் டீச்சர்” என்றால் அது கை அவசரம், எழுதியதைத் திரும்ப வாசிக்கும் பழக்கம் போதும். எதுவுமே கவனிக்காமல் ‘கப்பல்’ என்று வாசித்துவிட்டுப் போனால், மெய்யெழுத்தின் ஒலி தனியாக இருப்பதே அதற்கு இன்னும் பிடிபடவில்லை, எழுத்தைப் பார்த்து வாசிக்காமல் சொல்லின் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறது. இரண்டுக்கும் தவறு ஒன்றுதான், மருந்து வேறு. இம்போசிஷன் எழுத வைப்பது இரண்டுக்குமே மருந்து இல்லை.

பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கும் ‘கொள்ளிடம்’ என்ற ஊர்ப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் ‘கெர...’ என்று ஆரம்பிக்கும். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்ததை ஒழுங்காகத்தான் வாசிக்கிறது. ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரே உயிரொலி என்பது அதற்கு யாரும் பிரித்துச் சொல்லாத ரகசியம். கால் பார்ப்பதற்கு ‘ர’ மாதிரி இருப்பதால் ‘கெ’, ‘ர’ என்று இரண்டு எழுத்தாகப் பிரித்துவிட்டது. 216 உயிர்மெய்யையும் மறுபடி வரிசையாக ஒப்பிக்க வைப்பதால் இது தீராது. கெ, கொ இரண்டையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் வந்ததும் ஒலி எப்படி மாறுகிறது என்று காட்டி, அப்புறம் கே, கோ, அப்புறம் வேறு மெய்களில் அதே ஜோடி என்று தினமும் ஐந்து நிமிஷம் கொடுத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, ‘வாளப்பளம்’ என்று எழுதும் பிள்ளையை வாசிப்புக் குறைபாடு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலும் தெருவிலும் ழகரம் ளகரமாகத்தான் கேட்கிறது, கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. அந்தக் காது சரியாக வேலை செய்கிறது, எழுத்துமரபு மட்டும் பழக வேண்டும்.

இதற்காக நான் எல்லாப் பயிற்சி ஆசிரியர்களிடமும் சொல்வது, முதல் வாரத்தில் மூன்று பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். ஒன்று நன்றாகப் படிப்பது, ஒன்று தடுமாறுவது, ஒன்று யார் கண்ணிலும் படாமல் நடுவில் உட்கார்ந்திருப்பது. மூன்று பேரிடமும் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, அதுவரை பார்த்திராத பத்துச் சொற்கள், ஐந்து வரி சொல்வதை எழுதுதல், இந்த மூன்றையும் வாங்கிப் பாருங்கள். பத்தியைச் சரளமாக வாசித்துவிட்டுப் புதுச் சொற்களில் விழும் பிள்ளை அந்தப் பத்தியை மனப்பாடம் செய்திருக்கிறது. தினமும் சாயங்காலம் மூன்று பேரைப் பற்றி இரண்டு இரண்டு வரி எழுதுங்கள், பார்த்ததை மட்டும். சோம்பேறி, சுட்டி, கவனமில்லை போன்ற தீர்ப்புச் சொற்கள் அந்த நோட்டில் வரக் கூடாது. எதை எழுதும்போது பென்சிலைக் கீழே வைத்தான், யாரைப் பார்த்துக் காப்பி அடித்தாள், எந்த இடத்தில் முகம் மலர்ந்தது என்று எழுதுங்கள். மூன்று பேரை இப்படிப் பார்க்கப் பழகிய கண் மற்ற முப்பத்தேழு பேரையும் தானாகவே பார்க்கத் தொடங்கிவிடும்.

உள்ளடக்குவது என்றால் குறைபாடு உள்ள பிள்ளை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பகுதியில் அதைவிட அடிக்கடி எதிரே வருவது நிலமும் தெருவும். ஒரு கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பரப்பளவு நடத்த டெல்டாவில் குழியும் மாவும்போல நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. தஞ்சாவூர்ப் பக்க வழக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய்க் கயிறு பிடித்து ஒரு குழியை வரைந்து, அதற்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்று பார்த்தால் சதுர அடி என்பது உடம்புக்கே புரிந்துவிடும். நடக்க முடியாத பிள்ளை இருந்தால் டேப்பின் ஒரு முனையும் கணக்கு நோட்டும் அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும், அது இல்லாமல் அளவே எடுக்க முடியாது என்கிற மாதிரி. சரி, இதே பாடத்தைக் கெடுப்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். “உங்க வீட்டுக்கு எத்தனை மா நிலம்?” என்று வரிசையாகக் கேட்டால், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். சொந்தமாக ஒரு குழிகூட இல்லாத குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பதில், “ஒரு மா நடவு நட எத்தனை ஆள் வேணும், எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேளுங்கள். இப்போது நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான், மிராசுதார் வீட்டுப் பையன் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். பாடம் அதேதான், யார் வாய் திறக்க முடிகிறது என்பது தலைகீழாகிவிட்டது. பாடத்திட்டம் எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதற்கு யாரால் பதில் சொல்ல முடியாது என்று ஒரு தடவை யோசித்துவிடுங்கள்.

தெருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “நீங்களே குழு பிரிச்சுக்குங்க” என்று விட்டால் பிள்ளைகள் சேர்ந்து நடந்து வருகிறவர்களோடு சேர்ந்துகொள்வார்கள், சேர்ந்து நடந்து வருகிறவர்கள் ஒரே தெருக்காரர்கள், தெரு என்றால் நம் ஊரில் என்ன என்று விளக்கத் தேவையில்லை. நீங்கள் எதுவும் தவறாகச் சொல்லாமலே வகுப்பு சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணச் சொல்லி ஒரே எண் வந்தவர்களைச் சேருங்கள், வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். தண்ணீர் எடுத்துவர, பெருக்க, பலகை துடைக்க யாரை அனுப்புகிறீர்கள் என்பதற்கும் சுழற்சி முறை போட்டுவிடுங்கள். உதவித்தொகைப் படிவம் வரும்போது இன்ன சாதிப் பிள்ளைகள் எழுந்திருங்க என்று வகுப்பில் சொல்வதை நீங்களே கேட்க நேரலாம். பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வழி சொல்வதற்காக அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லிப் பிள்ளைகளை அழைக்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. பயிற்சிக்கு வந்த நீங்கள் மூத்த ஆசிரியரை எதிர்த்துப் பேச வேண்டாம், “படிவத்தை நான் கொடுத்துடறேன் சார்” என்று வாங்கிக்கொண்டு, தனித்தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பாதி நாள் வராத பையனைப் பற்றி. காரணம் தெரியாமல் திட்டம் போட வேண்டாம், ஆனால் நம் பகுதியில் சில காரணங்கள் காலண்டரிலேயே இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான குடியிருப்புகளில் தண்ணீர் நின்றால் புத்தகமே நனைந்துபோகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை நாள் கழித்து வகுப்புக்கு வந்தார்கள் என்பது அங்கே வேலை பார்த்த எவருக்கும் மறக்காது. அறுவடை நேரத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்காமார்கள் நின்றுவிடுவார்கள். பசியும் ஒரு காரணம். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான், உங்கள் ஏழாம் வகுப்புக்குக் கிடையாது. அதனால் வராத பிள்ளை திரும்பி வரும் நாளுக்கு ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முதல் ஐந்து நிமிஷமும் முந்தைய நாள் நடந்ததிலிருந்து மூன்று கேள்வி. வந்தவர்களுக்கு அது நினைவில் ஊன்றும், நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வைப்பது திரும்பப் படிப்பதைவிடப் பலன் தரும் என்பது நன்கு நிறுவப்பட்டது. வராதவனுக்கு எது விட்டுப்போனது என்று தெரியும். “ஏண்டா வரலை” என்று எல்லோர் முன்னாலும் கேட்காமல், “வந்துட்டியா, வா” என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்லப்போவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்ப நடத்தச் சொல்லும் பகுதி உங்கள் பாடக்குறிப்பில் இருக்கும். தேர்வில் கேட்டால் எழுதுங்கள், ஆனால் அப்படிப் பிரித்து நடத்துவதால் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2008லேயே எழுதிவிட்டார்கள். படமும் பேச்சும் கைவேலையும் கலந்து எல்லோருக்கும் கொடுப்பது நல்லது, ‘இவன் கேட்டுக் கற்பவன்’ என்று முத்திரை குத்துவது வீண்.

இன்னொன்று நிலைவாரியாகப் பிரிப்பது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்தார்கள். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிக் கொடுப்பது பலன் தருகிறது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. அதே சமயம் நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஒரே குழுவில் வைத்தால் கீழ்நிலைக் குழு அங்கேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. “நீ அரும்புதானே” என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் பிள்ளைகளுக்கு வரிசை புரிந்துவிடுகிறது. என் கருத்து, வாசிப்புக்கு மட்டும், தினமும் கொஞ்ச நேரம் பிரியுங்கள், அடிக்கடி சோதித்துக் குழு மாற்றுங்கள், மற்ற நேரமெல்லாம் கலந்து உட்காரட்டும். எந்த அளவு சரி என்பதில் விவரம் தெரிந்தவர்களே வேறுபடுகிறார்கள்.

காதுக்கருவி போட்ட பெண்ணுக்கு நீங்கள் உடனே செய்யக்கூடியவை எளியவை. உங்கள் முகத்தை நேராகப் பார்க்கும் இடத்தில், மின்விசிறிச் சத்தத்திலிருந்தும் ஜன்னலிலிருந்தும் விலகி உட்கார வையுங்கள். பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பி அப்புறம் பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. கத்திப் பேச வேண்டாம், கத்தினால் உதட்டசைவு கோணலாகும். வேறொரு பிள்ளை சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுத அவளுக்கு அனுமதி கொடுங்கள், கேட்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் அவளால் முடியாது. கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று தினமும் காலையில் கேட்பதும் பாடம் நடத்துவதில் சேர்ந்ததுதான். இதற்கு மேல் அவளுக்கு எவ்வளவு கேட்கிறது, பேச்சுப் பயிற்சி வேண்டுமா, சைகை மொழி வேண்டுமா என்பதெல்லாம் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே படித்த சிறப்பாசிரியரும் செவித்திறன் நிபுணரும் முடிவு செய்ய வேண்டியவை. பொதுப்பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதிலும் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. தஞ்சாவூரிலேயே செவித்திறன் குறையுடையோருக்கும் பார்வைத்திறன் குறையுடையோருக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. தன்னைப்போன்ற பிள்ளைகளோடு சைகையில் சரளமாகப் பேசி வளர்வது சில பிள்ளைகளுக்குப் பெரிய பலம், வீட்டிலிருந்து தெருப் பிள்ளைகளோடு நடந்து பள்ளிக்கு வருவது வேறு சிலருக்குப் பலம். அந்தப் பெண்ணையும் கேட்காமல் யாரும் தீர்மானிக்கக் கூடாது என்பது மட்டும் என் உறுதியான கருத்து.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு என்று நீங்களாகப் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பார்த்ததை எழுதி வகுப்பாசிரியர் வழியாக, வட்டாரத்துப் பள்ளிகளுக்குத் துணையாக இருக்கும் கல்வித்துறை அலுவலகமான வட்டார வள மையத்துக்குத் தெரியப்படுத்துங்கள், முறையான மருத்துவச் சான்று அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு ஓடுவதைவிட ஏழாம் வகுப்பிலேயே ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று வருஷம் மிச்சம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர் வந்தால் லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் எமிஸ் என்ற கல்வித்துறையின் இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றவும்தான் பயன்படுத்துகிறார்கள், ஆள் பற்றாக்குறையில் அவர்களுக்கும் வேறு வழியில்லை. நாளுக்கொரு வகுப்பில் நின்றால் 16 வாரமும் வீண். முதல் நாளே தலைமையாசிரியரிடம் பணிவாக, “ஒரே பிரிவுக்கு ஒரே பாடத்தைத் தொடர்ந்து எடுக்கிறேன் சார், மீதி நேரத்துக்கு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்” என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வழிகாட்டி ஆசிரியர் நடத்துவதை முதல் வாரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பாடத்திட்ட ரெக்கார்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் பழக்கம் உங்களைச் சுற்றி இருக்கும், அதில் போகாதீர்கள். நாற்பது பாடத்திட்டத்தை அழகாக எழுதுவதைவிட ஐந்தை நடத்திப் பார்த்து, எங்கே யார் விழுந்தார்கள் என்று சிவப்பு மையில் குறித்து, மறுபடி எழுதுவது உங்களை ஆசிரியராக்கும்.

கடைசியாக, தனிப் பட்டம் தேவையா என்ற கேள்வி. பொதுவகுப்பு ஆசிரியராக நாற்பது பேருக்கும் நடத்துவதற்குத் தேவையில்லை. சிறப்பாசிரியராகவே வேலை பார்க்க வேண்டும் என்றால்தான் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். அந்த ஆசை இருந்தால் பயிற்சி முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள், அவசரம் இல்லை. அதற்கு முன்பு பள்ளிக்குப் போன முதல் வாரத்திலேயே வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு உங்கள் ஓய்வு நேரத்தில் அவரோடு உட்காருங்கள். அந்த மூன்று பிள்ளைகளின் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.